உறைய வைத்த ஆசிட், கரைய வைத்த ஆசிட்

அம்மா மலேசியாவில் பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் ஸ்டோர் வேலை பார்த்தவர். மரப்பட்டையைச் சீவிப் பால் எடுப்பவர்கள் வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்றும் பாலில் தண்ணீர் கலந்து, ஃபார்மிக் ஆசிட்டை அளந்து விடுவார். மறுநாள் தொட்டியில் பால் கட்டியாக உறைந்திருக்கும். இன்று அந்த இடம் முழுக்கச் செம்பனை. ஆனாலும் ‘ஆசிட் விட்டால் பால் கட்டும்’ என்பது எங்கள் வீட்டு வாய்ப்பாடு. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் சுங்கை பட்டாணியில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன்.

முலாம் பூசும் பட்டறைகளின் கழிவுநீரிலிருந்து செம்பைப் பிடிக்க ஒரு படலம் செய்ய வேண்டும். மூலப்பொருள் பாலி-4-வினைல்பிரிடின். நீண்ட சங்கிலி, அதில் வரிசையாகப் பிரிடின் வளையங்கள். ஒவ்வொரு வளையத்திலும் ஐந்து கார்பன், ஒரு நைட்ரஜன். அந்த நைட்ரஜனிடம் சும்மா இருக்கும் ஒரு ஜோடி எலக்ட்ரானில்தான் செம்பு அயனி ஒட்டிக்கொள்கிறது.

முதல் படலத்தை எத்தனாலில் கரைத்துக் கண்ணாடியில் ஊற்றிக் காயவைத்தேன். செம்பு சல்பேட் கரைசலில் போட்டதும் நீலப்பச்சை ஏறியது. எடுத்து மறுபடி எத்தனாலில் போட்டேன், கரையவில்லை. சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டத் தனியாகப் பிணைப்பு எதற்கு, இதுவே பிணைந்துவிட்டதே என்று குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன். மூத்த கெமிஸ்ட் அக்கா அதைப் படித்துவிட்டு, “ஆசிட்ல கழுவிப் பாத்தியா?” என்றார். பிடித்த செம்பைத் திரும்ப எடுக்க எப்படியும் கழுவத்தான் வேண்டும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் பீக்கரில் வெளிறிய நீலத் தண்ணீர் மட்டும். படலத்தைக் காணோம்.

அன்றைக்கு வாய்ப்பாடு உடைந்தது. ரப்பர் பாலின் துகள்கள் எதிர்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. ஆசிட் அந்த மின்னூட்டத்தைத் தீர்த்துவிடுவதால் அவை ஒன்றுகூடிக் கட்டியாகின்றன. பிரிடினில் கதை தலைகீழ். நைட்ரஜன் ஆசிட்டிலிருந்து புரோட்டானை வாங்கி நேர்மின்னூட்டம் பெறுகிறது. சங்கிலிகள் ஒன்றையொன்று விலக்கி நீரில் கரைகின்றன. அதுவரை அவற்றைப் பிடித்து வைத்திருந்தது செம்புதான். ஒரே அயனி இரண்டு மூன்று சங்கிலிகளின் நைட்ரஜனைப் பற்றி முடிச்சாக நின்றது. புரோட்டான் வந்ததும் முடிச்சு அவிழ்ந்தது.

அவிழாத முடிச்சுக்கு 1,4-டைபுரோமோபியூட்டேன். அதன் இரு முனைகளும் இரு சங்கிலிகளின் நைட்ரஜன்களோடு நிரந்தரமாகப் பிணையும். சிக்கல் அங்கேதான். முடிச்சுக்குப் போன நைட்ரஜனுக்குச் செம்பைப் பிடிக்க ஜோடி எலக்ட்ரான் மிச்சமில்லை. நூறு நைட்ரஜனுக்கு 10 மூலக்கூறு போட்டு இரு முனையும் பிணைந்தால் 20 நைட்ரஜன் செலவு. 40 போட்டால் 80 செலவு. பயந்துபோய் நான் நிறையப் போட்ட படலம் உறுதியாக இருந்தது, நீலம்தான் ஏறவே இல்லை. ரொம்பக் குறைத்துப் போட்டதோ ஆசிட்டில் அகர் அகர் போல உப்பிக் கையோடு பிய்ந்து வந்தது. கரையவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். இந்த இரண்டுக்கும் நடுவே தேடித்தான் ஐந்து மாதம் போனது.

டைவினைல்பென்சீன் என்ற இன்னொரு பிணைப்புப் பொருளை, சங்கிலி உருவாகும்போதே சேர்த்துப் பிணைத்த பிரிடின் மணிகள் தனி வகை. நைட்ரிக் ஆசிட்டையும் கதிர்வீச்சையும் தாங்குவதால் புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கக்கூட அவை பயன்பட்டிருக்கின்றன. எங்களுக்குச் செம்பே போதும் போதும் என்றிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நன்றாகக் கழுவிய துண்டு ஒன்றைப் பையில் போட்டு அம்மாவிடம் காட்டினேன்.

“அப்ப ஒன் பாலுக்கு ஆசிட்டு ஆகாதா?”

“கட்டிப்போட்டுட்டு ஊத்தினா ஆகும்மா.”

பையைத் திறந்து மோந்து பார்த்தவர் மூக்கைச் சுளித்தார். “எங்க ஸ்டோரு வாடையே தேவலடா.”