பூனையும் எங்கள் வீட்டுப் பிள்ளைதான்

வீடு மாறியதும் எங்கள் பூனை கதவு விளிம்பு, நாற்காலிக் கால், தொட்டில் கட்டை என்று ஒன்று விடாமல் கன்னத்தை வைத்துத் தேய்த்தது. பூனைக்குக் கன்னத்திலும் தாடையிலும் வாசனைச் சுரப்பிகள் உண்டு, தேய்க்கிற இடத்தில் எல்லாம் தன் வாசனையை விட்டுவிட்டுப் போகும், அந்த வாசனை இருக்கிற இடம்தான் அதற்கு வீடு. அதனால்தான் அதன் பழைய போர்வையைத் துவைக்காமலே கொண்டுவந்தேன், முதல் சில வாரம் வெளியேயும் விடவில்லை, விட்டால் பழைய வீட்டைத் தேடிப் போய்விடலாம்.

குழந்தை வந்தாச்சு, பூனையை யாருக்காவது கொடுத்துவிடு என்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. சரி, மகள் தூங்கும்போது அந்த அறைக்குள் பூனையை விடுவதில்லை, அது பாதுகாப்புக்காக. மற்ற நேரம் நான் பக்கத்திலேயே இருக்கிறேன். இப்போதெல்லாம் அவள் தவழ்ந்து போனால் அது விலகுவதே இல்லை, அவள் முழங்கையிலும் கன்னத்தைத் தேய்க்கிறது. கொடுக்கவா? முடியவே முடியாது.