ஒரே அல்பத்தை மூன்று தடவை வெளியிடுவது எப்படி

கிரேக்கப் பாடகி எலெனா பாபரிசுவின் முதல் தனி அல்பம் ‘ப்ரோடெரெயோடிடா’ 2004 இல் வந்தது. கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ‘முன்னுரிமை’ என்று பொருள். 2005 மே 21 இரவு கியேவ் நகரில் ‘மை நம்பர் வன்’ 230 புள்ளிகளோடு யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியை வென்றது. கிரேக்கத்துக்கு அது முதல் வெற்றி. பாட்டு புதிது, ஆனால் அது ஏறிய வண்டி பழையது. யூரோவிஷன் பாட்டுகளைச் சேர்த்து அதே அல்பம் ‘யூரோ எடிஷன்’ ஆனது. அந்த ஆண்டு முடிவதற்குள் ‘மாம்போ’ பாட்டையும் சேர்த்து இன்னொரு பதிப்பு வந்தது.

இதைக் காசு பறிக்கும் வேலை என்பவர்கள் உண்டு. கொஞ்சம் உண்மைதான். ஆனால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சொந்தக் காசில் அல்பம் செய்கிற எவரும் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை அது. பத்துப் பாட்டை ஒரு வெள்ளிக்கிழமை இறக்கிவிட்டு அடுத்த வாரமே மறந்துபோவதுதான் இங்கே வழக்கம்.

இறுவட்டுக் காலத்தில் மறுபதிப்புக்குப் புது உறை, புது அச்சு. இப்போது எல்லாம் இரண்டு இலக்கங்களில் தொங்குகிறது. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்துள்ள அடையாள இலக்கம். முழு அல்பத்துக்கும் யுபிசி என்ற ஒரு பண்ட இலக்கம். மறுபதிப்புக்கு யுபிசி புதிதாக வேண்டும். பழைய பாட்டுகளுக்கு ஐஎஸ்ஆர்சி பழையதாகவே இருக்க வேண்டும். பாட்டுகளை ஸ்பொட்டிஃபை போன்ற தளங்களுக்கு அனுப்பும் விநியோகத் தளத்தின் படிவத்தில் ஐஎஸ்ஆர்சி கட்டத்தை வெறுமையாக விட்டால் தளம் தானே புது இலக்கம் கொடுத்துவிடும். பிறகு 40,000 தடவை கேட்கப்பட்ட பாட்டு மறுபதிப்பில் பூச்சியத்திலிருந்து தொடங்கும். இலக்கம் மட்டும் போதாது: அதே வேவ் கோப்பு (சுருக்காத ஒலிக்கோப்பு), அதே நீளம், தலைப்பில் அதே எழுத்துக்கூட்டல் எல்லாம் வேண்டும். பாட்டை வானொலிக்காக வெட்டினாலோ ரீமிக்ஸ் செய்தாலோ அது வேறு ஒலிப்பதிவு, புது ஐஎஸ்ஆர்சி. புதிய பதிப்பு எல்லாத் தளங்களிலும் தெரிந்த பிறகுதான் பழையதை நீக்க வேண்டும். முந்திக்கொண்டு நீக்கினால் பிளேலிஸ்ட்களில் இருந்த பாட்டு காணாமல் போய்விடும்.

ஆகவே முதல் மிக்ஸ் முடிந்த அன்றே ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கோப்புறை: வெளியிடத் தயாரான இறுதிப் பதிவான மாஸ்டர், குரல் இல்லாத ட்ராக், வாத்தியம் வாத்தியமாகப் பிரித்த ஸ்டெம்கள். எல்லா ஸ்டெமும் முதல் நொடியிலிருந்தே தொடங்க வேண்டும், 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் வேவ். பாடுகிற இடத்திலிருந்து மட்டும் வெட்டிச் சேமித்தால் ஒரு வருடம் கழித்து அதைப் பொருத்தி எடுப்பதற்குள் சீவன் போய்விடும். குரல் இல்லாத ட்ராக் மேடைக்கும் வேண்டும். யூரோவிஷனிலும் இசை பதிவிலிருந்துதான் வரும், முதன்மைக் குரல் நேரடி. கோயில் திருவிழா மேடையிலும் அதே கதைதான்.

இனி சத்தம். ‘மை நம்பர் வன்’ பாட்டில் நடுவே வருவது லீரா என்ற வில் வாத்தியம். கிரேக்கப் பொப் என்றதும் மற்றவர்களுக்கு நினைவு வருவது புசூக்கி என்ற தந்தி வாத்தியம். அதைக் கீபோர்ட்டில் வாசித்தால் ட்ரெமலோ (ஒரே ஸ்வரத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப மீட்டுவது) தையல் மெஷின் மாதிரிக் கேட்கும். நாலு சோடித் தந்தி உள்ள புசூக்கியின் சுருதி சி, எஃப், ஏ, டி. பன்னிரண்டு தந்தி கிற்றாரை ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் அதன் மெல்லிய பக்கத்து நாலு சோடி அப்படியே அந்தச் சுருதிக்கு வரும். அந்த நாலில் தடித்த இரண்டு சோடியில் ஒக்டேவ், மெல்லிய இரண்டு சோடியில் ஒரே ஸ்வரம் என்ற அமைப்பும் ஒத்துப்போகும். தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குக் கிட்டப் பிக்கால் தட்டி, 150 ஹேர்ட்ஸுக்குக் கீழான ஒலியை வெட்டினால் போதும். அசல் வாத்தியம் ஆகாது, கீபோர்ட்டைவிட எவ்வளவோ மேல்.

தாளம் எங்களுக்குக் கஷ்டமே இல்லை. கலமாத்தியானோ என்ற கிரேக்க நடனத் தாளம் 7/8, மூன்று இரண்டு இரண்டு. மிஸ்ர சாபு தெரிந்த மிருதங்கக்காரருக்குச் சொல்லவே தேவையில்லை. தவறுவது கணினியில். ப்ராஜெக்டை 4/4 இல் விட்டுவிட்டால் பார் கோடுகளும் தாளம் காட்டும் க்ளிக்கும் ஏழோடு பொருந்தாது. முதலில் 7/8 என்று மாற்றி, க்ளிக்கை எட்டில் ஒன்றாக வைக்க வேண்டும்.

குரல் பதிவில் கொழும்பின் எதிரிகள் மூன்று: காலி வீதி, கரையோர ரயில், ஈரம். 80 ஹேர்ட்ஸுக்குக் கீழான ஒலியை வெட்டும் ஹை பாஸ் ரயிலின் உறுமலைக் கொஞ்சம் குறைக்கும், ஹோர்னைத் தொடாது; ரயில் நேர அட்டவணையைச் சுவரில் ஒட்டுவதே மலிவான வைத்தியம். மெத்தையை மைக்குக்குப் பின்னால் கட்டுவது பொதுவான பிழை. கார்டியோயிட் மைக் முன்பக்கத்தைத்தான் கேட்கிறது, எனவே மெத்தை பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால். வாய்க்கும் மைக்குக்கும் 15 முதல் 20 சென்ரிமீற்றர், உச்சம் மைனஸ் 10 டெசிபெல். கண்டென்சர் மைக்கைச் சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் வைக்காவிட்டால் நொறுங்கும் சத்தம் வரும். 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் கேட்டால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பற்றரியில் பதிவுசெய்து பார்க்கவும். எர்த் முனையை வெட்டுவது வேண்டாம், அது உயிரோடு விளையாட்டு.

மாஸ்டர் மைனஸ் 14 லுஃப்ஸ் (காது உணரும் சத்தத்தின் அளவை) அளவில், உச்சம் மைனஸ் 1 டெசிபெல். அதைவிடச் சத்தமாக நசுக்கினாலும் ஸ்பொட்டிஃபை இறக்கிவிடும். மிஞ்சுவது நசுங்கல் மட்டும். உறை 3000க்கு 3000 பிக்சல். வெளியீட்டுக்கு நாலு வாரம் முன்பே ஏற்ற வேண்டும். ஸ்பொட்டிஃபை ஆசிரியர் குழுவுக்குப் பாட்டை அனுப்பக் குறைந்தது ஏழு நாள் வேண்டும், வெளிவந்துவிட்ட பாட்டை அவர்கள் எடுப்பதில்லை. கலைஞரின் பெயரை ஆங்கில எழுத்தில் ஒரு தடவை ஒரு மாதிரியும் அடுத்த தடவை இன்னொரு மாதிரியும் எழுதினால் இரண்டு பக்கங்கள் உருவாகிவிடும். தமிழ்ப் பெயர்களில் இது ஓயாத தலையிடி.

கடைசியாகக் கடதாசி. வருமானத்தில் மெட்டுக்கு எத்தனை வீதம், வரிக்கு எத்தனை என்று பதிவுக்கு முன்பே எழுதிக் கையொப்பம் வாங்கவும். விருந்தினராகப் பாடியவரின் தாளில் ‘பின்னர் வரும் பதிப்புகளுக்கும்’ என்ற மூன்று சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.