பலகையால் பின்னிய பாலம்

அமெரிக்காவின் பழைய கூரை போட்ட மரப்பாலங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது இத்தியல் டவுன் என்ற கட்டடக் கலைஞர் 1820-இல் காப்புரிமை வாங்கிய வடிவம்தான். பெரிய உத்தரமெல்லாம் தேடி அலைய வேண்டாம், சாதாரணப் பலகைகளைச் சாய்வாகக் குறுக்கும் மறுக்குமாக வைத்து, அவை வெட்டிக்கொள்ளும் இடமெல்லாம் துளை போட்டு மர ஆணி அடித்துவிட்டால் பக்கச்சுவரே பாரத்தைத் தாங்கும். ஊர்த் தச்சர்களே கட்டிவிடலாம். ஆள் கெட்டிக்காரர், பாலத்தின் நீளத்தில் அடிக்கு 1 டாலர் உரிமைத்தொகை, கேட்காமல் கட்டினால் 2 டாலர்!

நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் மாநிலங்களை இணைக்கும் கார்னிஷ்-வின்ட்சர் பாலத்தில் (1866) பலகைக்குப் பதில் கனமான சதுர மரங்களையே காடி வெட்டிப் பின்னியிருக்கிறார்கள். அப்புறம் அந்தக் கூரை, அது முக்கியமாக மரச்சட்டம் மழையில் இற்றுப்போகாமலிருக்கத்தான். குதிரையை ஓட்டாமல் நடத்திச் செல், மீறினால் 2 டாலர் அபராதம் என்ற பலகை வாசலில் இன்னும் இருக்கிறது.