ஜிபோட்டோ2: அமுக்கின கையோட படம் திரைக்கு வந்துருச்சுங்க

கேமராவுல பட்டனை அமுக்கினதும் படம் கேபிள் வழியாக் கம்ப்யூட்டர் திரைக்கு வர்ற ஏற்பாடு ஒருவழியா ஓடுதுங்க. உபுண்டு லினக்ஸ், கேனன் 1200டி கேமரா, கேமராவைக் கம்ப்யூட்டர்ல இருந்து இயக்கற ஜிபோட்டோ2, படத்தைத் திரையில காட்டற ஃபே. சாமான் அவ்வளவுதான்.

பவானி ஜமுக்காளத்தை நேர் மேல இருந்து எடுக்கறதுக்காகக் கேமராவை உத்தரத்துப் பைப்புல தலைகீழாத் தொங்க விட்டிருக்கறேன். பின்னாடித் திரையைப் பார்க்க ஒவ்வொருக்காவும் ஸ்டூல் ஏற முட்டி ஒத்துக்கறதில்லை.

கேமராவைச் சொருகினதும் உபுண்டுவோட ஜிவிஎஃப்எஸ் (சொருகற சாதனத்தைத் தானாத் திறக்கற நிரல்) முந்திக்கிட்டுப் பிடிச்சுக்கறது எல்லாருக்கும் தெரிஞ்ச தொல்லை. அதை 'கில்' பண்ணி நிறுத்தினா, கேமரா தூங்கி எந்திரிச்சதும் மறுபடி வந்து உக்காந்துக்குது. கேமரா வருதான்னு பார்த்துட்டே இருக்கற அதோட வால்யூம் மானிட்டரையே சிஸ்டம்சிடிஎல் கட்டளையில மாஸ்க் பண்ணி, கிளம்பவே விடாமப் போட்டேன், அப்புறம் தொல்லையே இல்லை.

உசுரை வாங்கினது ஹூக் ஸ்கிரிப்டுதான், நாம எழுதி வெக்கற சின்ன நிரல். படம் இறங்கினதும் ஜிபோட்டோ2 அதைக் கூப்பிடும். ஆக்‌ஷன்ல 'டவுன்லோட்'னும், ஆர்கியூமென்ட்ல ஃபைல் பேரும் வரும் (ரெண்டும் ஸ்கிரிப்டுக்கு வர்ற மாறிகள்). அதுக்குள்ளயே ஃபேவைத் திறந்தா, ஃபேவை மூடற வரைக்கும் ஸ்கிரிப்ட் முடியாது, ஸ்கிரிப்ட் முடியாம அடுத்த படம் இறங்காது. பின்னணியில தள்ளி விட்டா படத்துக்கு ஒரு ஜன்னல் முளைக்குது. கடைசியில ஸ்கிரிப்டுக்கு ஒரே வேலைதான் குடுத்தேன்: வந்தது ஜேபெக்னா, 'கடைசி'ங்கற சிம்லிங்க்கை (இன்னொரு ஃபைலைச் சுட்டற குறுக்குவழி) அதுக்குத் திருப்பி விடு. ஃபே தனியா முழுத்திரையில அந்த லிங்க்கையே நொடிக்கொருக்கா ரீலோட் பண்ணிட்டுக் கிடக்குது. ராவும் (கேமரா பதப்படுத்தாத மூலப்படம்) சேர்த்து எடுக்கறவங்க அந்த சிஆர்2 ஃபைலைக் கட்டாயம் வடிகட்டிருங்க, ஃபேவுக்கு அது ஆகாது. ஜிபோட்டோ2 கட்டளையில 'கீப்' போட மறந்துறாதீங்க, இல்லைன்னா இறக்கின கையோட கார்டுல இருக்கறதை அழிச்சுரும்.

நெய்யற அத்தை திரையைப் பார்த்துட்டு, "அந்தப் பச்சைக் கோட்டோரம் நூலு ஒண்ணு எந்திரிச்சு நிக்குது பாரு கண்ணு"ன்னாங்க. கேமராத் திரையில அதெல்லாம் தெரியவே தெரியாது. கத்தரியால நறுக்கிட்டு அடுத்த படம்.

கேபிள் விஷயத்துல மட்டும் காசு போச்சுங்க. யுஎஸ்பி 2க்கு 5 மீட்டர்தான் எல்லை. காந்திபுரத்துல ஒரு கடையில "ஓடுமுங்க, தைரியமா எடுத்துட்டுப் போங்க"ன்னு 10 மீட்டர் சாதாக் கேபிளைக் கட்டிக் குடுத்துட்டாங்க. கேமரா வந்து வந்து போகுது. நடுவுல சிக்னலைத் தூக்கி விடற ரிப்பீட்டர் வெச்ச ஆக்டிவ் கேபிள் போட்டப்புறம்தான் நிலையா நின்னுச்சு. கரண்டுல இருந்தே கேமராவை ஓட்டற டம்மி பேட்டரியும் ஒண்ணு வாங்கோணும், பொழுதுக்கும் பைப்புல இருந்து கழட்டி மாட்ட முடியறதில்லை. நல்லதா எங்க கிடைக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சிவப்பு மட்டும் இன்னும் ஜேபெக்ல அப்பிக்கிட்டுத்தான் தெரியுது. கேமராவுல நிறத்தை அமைக்கற பிக்சர் ஸ்டைலை நியூட்ரலுக்கு மாத்திப் பார்க்கோணும். அதுக்குள்ள மச்சான் சென்னிமலைப் போர்வைக் கட்டைக் கொண்டாந்து திண்ணையில இறக்கிட்டுப் போயிட்டாரு.