இரண்டு எல்லை ரவுட்டர், ஒரு கமரா நெட்வேர்க்

எந்த நெட்வேர்க்குக்கு எப்படிப் போவது என்று ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கிற நெறிமுறைகள் பல. ஈஐஜிஆர்பி, ஓஎஸ்பிஎஃப் அவற்றில் இரண்டு. இரண்டையும் இணைப்பது ஒரு வரியில் முடிகிற வேலைபோலத்தான் தெரியும். ஈஐஜிஆர்பி பாதைகளை ஓஎஸ்பிஎஃப் பக்கம் கொட்டு, ஓஎஸ்பிஎஃப் பாதைகளை இந்தப் பக்கம் கொட்டு. 'ரீடிஸ்ரிபியூட்' (மற்றதுக்கும் பகிர்ந்து கொடு) என்று இரண்டு இடத்தில் அடித்தால் பிங், அதாவது சோதனைப் பொதி, போகும். இரண்டு நெட்வேர்க்கும் ஒரேயொரு ரவுட்டரில் சந்திக்கிறவரை பெரிய கரைச்சல் இல்லை. ஒன்று விழுந்தால் மற்றது இருக்கட்டும் என்று இரண்டாவது ரவுட்டரையும் அதே கொன்பிக்கோடு (அமைப்புக் கட்டளைகளோடு) வைக்கிற அன்றைக்குத்தான் கூத்துத் தொடங்குகிறது.

நான் பார்த்துக்கொள்வது ஒரு வர்த்தக நிறுவனத்தின் நெட்வேர்க். யாழ் நகரம், சுன்னாகம், நெல்லியடி, சாவகச்சேரிக் கிளைகளில் பழைய சிஸ்கோ பெட்டிகள், ஓடுவது ஈஐஜிஆர்பி. பிறகு வாங்கிச் சேர்த்த கிளிநொச்சி, பரந்தன், மன்னார்க் கடைகளில் எல்லாம் மைக்ரோட்டிக் என்கிற வேறு கொம்பனியின் பெட்டிகள். அதற்கு ஈஐஜிஆர்பி தெரியாது, ஆகவே ஓஎஸ்பிஎஃப். ஈஐஜிஆர்பியை சிஸ்கோ 2013இல் மற்றவர்களுக்கும் திறந்துவிட்டது, 2016இல் அது ஆர்எஃப்சி என்கிற பொது இணைய ஆவண வரிசையில் 7868 ஆகவும் வந்தது. ஆனாலும் மற்றக் கொம்பனிகள் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. சரி, எங்களுக்கு யாழ்ப்பாணத்தில் ஒன்று, கிளிநொச்சியில் ஒன்று என்று இரண்டு நெறிமுறையும் ஓடுகிற இரண்டு சிஸ்கோ ரவுட்டர்கள் நடுவில் நிற்கின்றன. இவைதான் எல்லை ரவுட்டர்கள்.

முதலில் மெற்றிக்கை, அதாவது ஒரு பாதை எவ்வளவு நல்லது என்று சொல்கிற எண்ணை, பார்த்துவிடுவோம். ஈஐஜிஆர்பி வழமையாக பான்ட்வித்தையும் (லிங்கின் கொள்ளளவு) டிலேயையும் (தாமதம்) வைத்துப் பாதையை அளக்கும். ஓஎஸ்பிஎஃப்புக்கு கொஸ்ட் என்று ஒரே எண். சிஸ்கோவில் மாற்றாமல் விட்டால் 100 மெகாபிட்டை லிங்கின் வேகத்தால் வகுத்து வருவது. ரிப் என்கிற பழைய நெறிமுறை எத்தனை ரவுட்டர் தாண்டுகிறோம் என்று எண்ணும், 15க்கு மேல் போனால் கைவிரித்துவிடும். ஒன்றின் கணக்கு மற்றதுக்கு விளங்காது. அதனால் எல்லை தாண்டும்போது பழைய கணக்கு முழுக்க அழிந்து, நாங்கள் கொடுக்கிற எண்ணோடு பாதை புதிதாகப் பிறக்கிறது. ஓஎஸ்பிஎஃப்புக்குள் போகையில் ஒன்றும் சொல்லாவிட்டால் சிஸ்கோ தானாக 20 போட்டுக்கொள்ளும், பிஜிபியிலிருந்து (இணையத்தின் பெரிய நெட்வேர்க்குகளுக்கு இடையில் ஓடுகிற நெறிமுறை) வந்ததென்றால் 1. ஈஐஜிஆர்பி அப்படி இல்லை. எண் கொடுக்காவிட்டால் ஓஎஸ்பிஎஃப் பாதையை எடுக்கவே எடுக்காது. '10000 100 255 1 1500' என்கிற மாதிரி ஐந்து எண் வேண்டும்: கிலோபிட்டில் பான்ட்வித், பத்துப் பத்து மைக்ரோசெக்கனாக டிலே, பிறகு நம்பகம், சுமை, எம்டியூ (ஒரு பொதியின் உச்ச அளவு).

எங்கட இரண்டு ரவுட்டரிலும் முன்பு இருந்த யாரோ '1000000 1 255 1 1500' என்று போட்டுவிட்டுப் போயிருந்தார். எல்லை தாண்டி வருகிற எந்தப் பாதையும் பக்கத்திலேயே ஒரு ஜிகாபிட் லிங்கில் இருக்கிறது என்று இதற்கு அர்த்தம். கேட்கிற ரவுட்டர் அதை நம்பத்தான் செய்யும்.

இனிக் கதைக்கு வருகிறேன். சுன்னாகத்துக் களஞ்சியத்தின் கமராக்கள் 10.20.40.0/24 என்கிற முகவரித் தொகுதியில் இருக்கின்றன. அங்கே போவது ஒரு ரேடியோ லிங்க். மறுமுனையில் இருக்கிற சின்னப் பெட்டிக்கு எந்த நெறிமுறையும் தெரியாது. அதனால் சுன்னாகம் ரவுட்டரில் கையால் ஒரு ஸ்டாட்டிக் (நிலையான) பாதை எழுதி, அதை ஈஐஜிஆர்பிக்குள் விட்டிருந்தார்கள். கமராப் பதிவுகள் கிளிநொச்சிச் சேர்வருக்குப் போகவேண்டும். மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடும். மாரி தொடங்கி, கரண்ட் நின்று வந்தால், சில நாட்களில் இந்த ஒரு நெட்வேர்க் மட்டும் காணாமல் போகும். மற்றதெல்லாம் வடிவாக ஓடிக்கொண்டிருக்கும்.

"அண்ணை, கமரா திரும்பவும் வேலை செய்யேல்லை."

"கரண்ட் நிண்டதோ தம்பி?"

"ஓம், விடியப்பறம் நிண்டிட்டுது. யூபிஎஸ்சும் இறங்கிட்டுது."

"கிளிநொச்சி ரவுட்டரை ஒருக்கா ஓஃப் பண்ணிப் போடு."

அதோடு சரியாகிவிடும். தானாகச் சரியாகிற பழுதைப் போல ஒரு எரிச்சல் வேறில்லை. யாரும் தோண்டிப் பார்க்க மாட்டார்கள், அடுத்த மழைக்குத் திரும்பவும் தொலைபேசி அடிக்கும். ஒருநாள் ஓஃப் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பொதி எந்தெந்த ரவுட்டர் வழியாகப் போகிறது என்று காட்டுகிற ட்ரேஸ்ரவுட்டை ஓடவிட்டேன். 10.255.0.1, 10.255.0.6, 10.255.0.1, 10.255.0.6 என்று இரண்டே முகவரிகள் மாறி மாறி, முப்பதாவது வரி வரைக்கும். யாழ்ப்பாணம் கிளிநொச்சியைக் கைகாட்டுகிறது, கிளிநொச்சி யாழ்ப்பாணத்தைக் கைகாட்டுகிறது. பொதி நடுவில் அலைந்து சாகிறது.

இதற்குக் காரணம் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ். ஒரே நெட்வேர்க்குக்கு இரண்டு நெறிமுறைகள் பாதை சொன்னால் எதை நம்புவது என்கிற வரிசை அது. எண் குறைந்தால் நம்பிக்கை கூட. சிஸ்கோவில் ஈஐஜிஆர்பியின் சொந்தப் பாதைக்கு 90, ஓஎஸ்பிஎஃப்புக்கு 110, ரிப்புக்கு 120, வெளியிலிருந்து ஈஐஜிஆர்பிக்குள் வந்த பாதைக்கு 170. இது எந்த ஆர்எஃப்சியும் விதித்த வரிசை இல்லை, ஒவ்வொரு கொம்பனியின் விருப்பம். ஜுனிப்பரில் ஓஎஸ்பிஎஃப்பின் உள்பாதைக்கு 10, வெளிப்பாதைக்கு 150. என்னைக் கேட்டால் அதுதான் புத்தியான ஏற்பாடு.

90, 110, 170 என்ற இந்த வரிசையைப் பார்த்துத்தான் ஈஐஜிஆர்பியும் ஓஎஸ்பிஎஃப்பும் சேர்ந்தால் ஆபத்தில்லை என்று வகுப்புகளில் சொல்கிறார்கள். பெரும்பாலும் உண்மைதான். சாவகச்சேரியின் நெட்வேர்க் ஈஐஜிஆர்பிக்குச் சொந்தம், 90. ஓஎஸ்பிஎஃப் வழியாக அது சுற்றி வந்தாலும் 110 தோற்றுப்போகும். மன்னாருடையது ஓஎஸ்பிஎஃப்பில் 110. ஈஐஜிஆர்பி வழியாகச் சுற்றி வந்தால் 170, அதுவும் தோற்கும். ஆனால் சுன்னாகத்துக் கமரா நெட்வேர்க் ஸ்டாட்டிக்கிலிருந்து வந்தது. ஈஐஜிஆர்பிக்குள் பிறக்கும்போதே அதன் எண் 170.

யாழ்ப்பாணம் அதை 170 ஆகக் கேட்டு ஓஎஸ்பிஎஃப்புக்குள் விடுகிறது. கிளிநொச்சியும் ஈஐஜிஆர்பியில் அதை 170 ஆகக் கேட்டிருந்தது. இப்போது ஓஎஸ்பிஎஃப்பில் 110 ஆகக் கேட்கிறது. உடனே நல்ல பாதையைத் தூக்கிப்போட்டுவிட்டு ஓஎஸ்பிஎஃப் பாதையைப் பிடிக்கிறது. அப்புறம், ஓஎஸ்பிஎஃப்பில் இருப்பதையெல்லாம் ஈஐஜிஆர்பிக்குக் கொடு என்று அதற்குக் கட்டளை இருக்கிறதே, அந்த ஜிகாபிட் எண்ணோடு திருப்பி உள்ளே விடுகிறது. யாழ்ப்பாணம் ஒப்பிட்டுப் பார்க்கிறது: சுன்னாகம் சொல்வது மெதுவான ரேடியோ லிங்க், கிளிநொச்சி சொல்வது ஜிகாபிட். கிளிநொச்சியே மேல் என்று அந்தப் பக்கம் திரும்புகிறது. வட்டம் பூர்த்தி.

இதை வீதியில் வைத்துப் பாருங்கள். குடாநாட்டுக்குத் தரைவழியில் பெரிய வாசல் இரண்டு: ஏ9 வீதியில் ஆனையிறவு, 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு ஏ32 வீதியில் பூநகரி. சுன்னாகத்து வெங்காய லொறி ஆனையிறவால் வெளியே போய், துண்டை மாற்றிக்கொண்டு பூநகரியால் திரும்பி வந்து 'மன்னார் வெங்காயம்' என்று யாழ்ப்பாணத்தில் மலிவாக விற்றால் என்ன நடக்கும்? சுன்னாகத்து வெங்காயத்தை வாங்க ஆட்கள் மன்னாருக்கு ஓடுவார்கள். வாசல் ஒன்று மட்டும் என்றால் இந்தச் சுத்துமாத்து நடக்காது.

எந்த ரவுட்டர் முதலில் எழும்புகிறது, எது முதலில் அயலவரோடு கதைக்கத் தொடங்குகிறது என்பதைப் பொறுத்து வட்டம் விழலாம், விழாமலும் விடலாம். கரண்ட் நின்று வந்த நாட்களில் மட்டும், அதுவும் சில நாட்களில் மட்டும், பழுது வந்ததற்கு அதுதான் காரணம். இன்னொரு கூத்தும் உண்டு. வட்டம் விழுந்திருக்கிற நேரத்தில் ரேடியோ லிங்க் உண்மையாகவே அறுந்தால்கூடப் பாதை அட்டவணையிலிருந்து போகாமல் இருக்கலாம். ஒவ்வொரு எல்லையிலும் மெற்றிக் புதிதாகத் தொடங்குகிறபடியால் எண் ஏறி ஏறிச் சாகவும் மாட்டாது. இரண்டு ரவுட்டரும் ஒன்று சொன்னதை மற்றது நம்பி, இல்லாத ஒன்றை உயிரோடு வைத்திருக்கும்.

நான் செய்தது டேக், அதாவது அடையாள எண், போட்டது. ஓஎஸ்பிஎஃப்பின் வெளிப்பாதை அறிவிப்பிலும் ஈஐஜிஆர்பியின் வெளிப்பாதையிலும் ஒரு எண் எழுத இடம் இருக்கிறது. நடுவில் இருக்கிற மைக்ரோட்டிக்குகள் அதைத் தொடாமல் அப்படியே கடத்திவிடும். இரண்டு எல்லை ரவுட்டரிலும் ஒரே ரவுட்-மேப் (எந்தப் பாதையை விடுவது, எதை நிறுத்துவது என்கிற விதிப்பட்டியல்): ஓஎஸ்பிஎஃப்புக்குள் போகிற பாதையில் டேக் 110 இருந்தால் நிறுத்து, மற்றதெல்லாவற்றிலும் டேக் 90 குத்தி விடு. மறுதிசையில் டேக் 90 இருந்தால் நிறுத்து, மற்றதில் 110 குத்தி விடு. இரண்டாவது வரியை, அதாவது 'மற்றதெல்லாவற்றையும் விடு' என்பதை, எழுத மறந்தால் ஒரு பாதையும் போகாது. ரவுட்-மேப்பின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மறுப்பு எப்போதும் இருக்கிறது. சிஸ்கோ ரவுட்டரின் மென்பொருளான ஐஓஎஸ் பழையது என்றால் ஓஎஸ்பிஎஃப் பக்கத்தில் 'சப்நெட்ஸ்' என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும். விட்டால் 10.20.40.0/24 போன்றவை எல்லையிலேயே நின்றுவிடும்.

டேக் வட்டத்தை அறுத்துவிடும். ஆனால் கிளிநொச்சி இன்னமும் டிஸ்டன்ஸ் 110 உள்ள பாதையைத்தான் நம்பும், ஓஎஸ்பிஎஃப் வழியாகச் சுற்றித்தான் போகும். பல விளக்கங்கள் டேக்கோடு நின்றுவிடுவது எனக்குப் பிடிக்காது. ஓஎஸ்பிஎஃப் வெளிப்பாதைகள் எல்லாவற்றுக்கும் மொத்தமாக 175 போடலாமே என்று தோன்றும். அப்படிப் போட்டால் ஓஎஸ்பிஎஃப்பின் சொந்த வெளிப்பாதைகள், ஈஐஜிஆர்பியால் சுற்றி வரும் 170இடம் தோற்றுவிடும். அதே நோய், மறுபக்கத்தில். அதனால் கிளிநொச்சியில் 'டிஸ்டன்ஸ் 175' கட்டளையோடு யாழ்ப்பாண ரவுட்டரின் ஐடியைக் கொடுத்து, கமரா நெட்வேர்க் மாதிரியானவற்றுக்கு மட்டும் என்று ஒரு அக்செஸ் லிஸ்டும் (நெட்வேர்க்குகளைத் தெரிவு செய்கிற பட்டியல்) கட்டினேன். யாழ்ப்பாணத்தில் கிளிநொச்சியின் ஐடியைப் போட்டு அதேபோல. அந்த எல்லை ரவுட்டர் ஓஎஸ்பிஎஃப்பில் சொன்னதை மட்டும் 170க்குப் பின்னால் தள்ளுகிற வேலை இது. ஈஐஜிஆர்பி லிங்க் அறுந்தால் 175 பாதை மாற்றாக வந்து நிற்கும். அதோடு அந்த ஜிகாபிட் எண்ணையும் லிங்கின் உண்மை வேகத்துக்கு இறக்கிவிட்டேன்.

பாதை எங்கே பிறந்தது என்கிற விபரம் தொலைவது சின்ன நெட்வேர்க்கின் வியாதி மட்டும் இல்லை. 1997 ஏப்ரல் 25ஆம் திகதி அமெரிக்காவில் ஏஎஸ் 7007 என்ற நெட்வேர்க்கின் ரவுட்டர் ஒன்று, இணையத்தின் ஏராளமான பாதைகளை /24 துண்டுகளாக உடைத்து, எல்லாம் தன்னிடமே பிறந்தவை மாதிரி வெளியில் சொன்னது. சின்னத் துண்டுக்குத்தான் ரவுட்டர் முதலிடம் கொடுக்கும். இணையத்தின் பெரும்பகுதி அந்த வாசலில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

சிஸ்கோவின் அடிப்படைச் சான்றிதழான சிசிஎன்ஏ 2020இலிருந்து ஈஐஜிஆர்பியையே விட்டுவிட்டதால், ரீடிஸ்ரிபியூஷனைப் பெடியள் முதலில் சந்திப்பது அதற்கு அடுத்த படியான சிசிஎன்பியின் 300-410 பரீட்சையில். அங்கே இரண்டு பக்கமும் கொட்டுவதுதான் பயிற்சி. வேலைத்தளத்தில் முடிந்தவரை ஒரு பக்கம் மட்டும் கொட்டுங்கள், மறுபக்கத்துக்கு ஒரு டிஃபோல்ட் பாதை (வேறு பாதை தெரியாததெல்லாம் இந்தப் பக்கம் என்பது) போதுமா என்று முதலில் பாருங்கள். ஒரேயொரு வாசல் உள்ள கடைக்கு மன்னாரின் பாதை விபரம் எதற்கு? பிஜிபியின் முழு அட்டவணையை ஓஎஸ்பிஎஃப்புக்குள் விடுகிற யோசனை வந்தால் எழும்பிப் போய் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வாருங்கள். ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட பாதைகளை அந்தச் சின்னப் பெட்டிகள் தாங்காது.

ஜிஎன்எஸ்3 என்கிற, கணினிக்குள்ளேயே ரவுட்டர்களை ஓடவிடுகிற மென்பொருளில் நான்கு ரவுட்டர் வைத்து இதை அப்படியே கட்டிப் பார்க்கலாம். எல்லாம் ஓடத் தொடங்கியவுடன் பிங் போகிறது என்று நிறுத்தாமல், எல்லை ரவுட்டர் ஒன்றை நிறுத்தி, எழுப்பி, பிறகு மற்றதை நிறுத்தி, பிறகு இரண்டையும் ஒன்றாக நிறுத்தி எழுப்பிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டிலும் பாதை அட்டவணையை எடுத்து ஒப்பிடுங்கள். எங்கட ஊரில் கரண்ட் அந்தச் சோதனையை எப்படியும் செய்யும். நெல்லியடியை ஓஎஸ்பிஎஃப்புக்கு மாற்றுகிற வேலை அடுத்ததாக இருக்கிறது, அதற்குப் பிறகு சாவகச்சேரி. சுன்னாகத்தைக் கடைசியாகத்தான் தொடப்போகிறேன்.