தோட்டம் தாமானானபோது தரை எவ்வளவு சூடேறியது?

கோலாலம்பூரைச் சுற்றிப் பால்மரத் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் தாமான்களாகிவிட்டன, அதாவது குடியிருப்புப் பேட்டைகளாகிவிட்டன. மரம் தண்ணீரை ஆவியாக்கித் தரையைக் குளிர்த்தது. தாரும் சிமெண்டும் வெயிலை உள்ளே வாங்கி வைக்கின்றன. தரை எவ்வளவு சூடேறியது என்பதை லேண்ட்சாட் 8, 9 செயற்கைக்கோள் படங்களில் நாமே பார்க்கலாம். படங்களைத் தேட நம் பகுதிக்கான எண்: பாதை 127, வரிசை 58. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனமான யுஎஸ்ஜிஎஸ் தளத்தில் ‘கலெக்‌ஷன் 2, லெவல் 2’ என்ற, தரை வெப்பநிலை கணக்கிட்டு வைத்த தரவு இலவசம்.

தரை வெப்பநிலை இருக்கும் எஸ்டி_பி10 கோப்பில் ஒரு பிக்சலின் எண்ணை 0.00341802-ஆல் பெருக்கி, 149 கூட்டி, 273.15 கழித்தால் செல்சியஸ். 45,000 என்றால் 29.7 பாகை, 47,500 என்றால் 38.2. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஒரே வரி வேலை.

நம் ஊரில் பெரிய தொல்லை மேகம். எது மேகம் என்று குறித்திருக்கும் கியூஏ_பிக்சல் கோப்பை வைத்து மேகத்தையும் அதன் நிழலையும் நீக்கிய பிறகு, ஓரத்தில் இன்னும் சில பிக்சல்களையும் நீக்கிவிடுங்கள். தப்பிய மெல்லிய மேகம் தரையைப் பொய்யாகக் குளிர்த்துக் காட்டும்.

2014 படத்தில் 31, 2024 படத்தில் 35 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். “நான்கு பாகை ஏறிவிட்டது” என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். முதல் நாள் பெய்த மழையே அந்த வித்தியாசத்தைக் கொண்டுவந்துவிடும். அதே படத்தில் ஒரு காட்டைப் பிடித்து, தாமானுக்கும் காட்டுக்கும் உள்ள இடைவெளியை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுங்கள். நகர நடுவிலுள்ள புக்கிட் நானாஸ் காடு இதற்குப் போதாது: அது சுமார் 10 ஹெக்டேர்தான். வெப்ப உணரியின் உண்மையான பிக்சல் 100 மீட்டர், அதாவது ஒரு ஹெக்டேர். 30 மீட்டர் என்று வருவது பிறகு நறுக்கியது. சுற்றியுள்ள கட்டடச் சூடு ஓரப் பிக்சல்களில் கலந்துவிடும். கெப்போங்கில் வன ஆய்வு நிலையமான ஃப்ரிம்மின் காடு நல்லது. அதிலும் மலைச்சரிவை விட்டுத் தாழ்ந்த பகுதியை எடுங்கள்.

தொழிற்பேட்டைகளில் கவனம் தேவை. கை வைத்தால் சுடும் பளபளப்பான தகரக் கூரை, வெப்பக் கதிரை மிகக் குறைவாகவே உமிழ்வதால் படத்தில் குளிர்ந்து தெரியும். லெவல் 2 எடுத்துக்கொள்ளும் உமிழ்திறனுக்கு (ஒரு பரப்பு வெப்பக் கதிரை எவ்வளவு உமிழும் என்ற அளவுக்கு) அடிப்படை, ஆஸ்டர் என்ற செயற்கைக்கோள் கருவியின் 2000–2008 தரவு. பிறகு எழுந்த கூரை எதனால் ஆனது என்று அதற்குத் தெரியாது. கேஎல்சிசி பக்கம் வேறு சிக்கல்: செயற்கைக்கோள் காலை 11 மணியைத் தாண்டிக் கடக்கும்போது கோபுரங்களின் நிழல் தெருவில் கிடக்கும். அதனால் டெரஸ் வீட்டு வரிசைகள் அதைவிடச் சூடாகத் தெரியலாம்.

காங்கிரீட் சேர்த்த சூட்டை வெளியே விடுவது இரவில்தான். அதற்குச் சூரிய நேரப்படி அதிகாலை ஒன்றரை மணி அளவில் (நம் கடிகாரத்தில் சுமார் இரண்டரைக்கு மேல்) கடக்கும் செயற்கைக்கோள்களில் உள்ள விர்ஸ் கருவியின் படங்களை எடுத்து, மேகமில்லாத பல இரவுகளைச் சராசரி பாருங்கள். அதன் பிக்சல் ஒரு கிலோமீட்டர். பிரிக்ஃபீல்ட்ஸில் தெருவுக்குத் தெரு வித்தியாசம் கேட்டால் கிடைக்காது.