லைடன்: ஹதீஸின் வயதைத் தேடிப் போகிறவர்களுக்கு

நெதர்லாந்தில் ரயில் கட்டணம் அநியாயம். ஸ்கிபோல் விமான நிலையத்திலிருந்து லைடன் இருபது நிமிடம்தான். வங்கி அட்டையைத் தட்டிவிட்டு ஏறலாம். இறங்கும்போது மறுபடி தட்ட மறந்தால் 20 யூரோ போச்சு. ஒரு நாள் சாப்பாட்டுக் காசு!

லைடன் என்றதும் நமக்கு ஆனைமங்கலம் செப்பேடுதான் ஞாபகம் வரும். அங்குள்ள பல்கலைக்கழக நூலகத்தின் அரபுச் சுவடிகளில் 298ஆம் எண்ணைத் தேடுங்கள். ஹதீஸ்களில், அதாவது நபிகளின் சொல், செயல் பற்றிய அறிவிப்புகளில், வரும் அருஞ்சொற்களுக்கு மொழியறிஞர் அபூ உபைத் எழுதிய விளக்கம். படியெடுத்த ஆண்டு ஹிஜ்ரி 252 (கி.பி. 866) என்று சுவடியிலேயே இருக்கிறது. தேதியோடு தப்பிய காகித அரபுச் சுவடிகளில் மிகப் பழையவற்றில் ஒன்று. அபூ உபைத் இறந்தது ஹிஜ்ரி 224இல். 28 வருடத்தில் எடுத்த படி! வாசிப்பறைக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பேனா கூடாது, பென்சில்தான். கை கடிக்கிறதா? இணையத்தில் படங்களை இலவசமாகப் பார்க்கலாம்.

ஆனால் சுவடியின் தேதி மேல் எல்லை மட்டுமே. உள்ளே இருப்பது 866க்கு முன்பே புழங்கியது என்பதற்கு மேல் அது பேசாது. எவ்வளவு முன்பு என்று அறிய அறிவிப்பாளர் தொடரை, அதாவது யார் யாரிடம் கேட்டுச் சொன்னார் என்ற பட்டியலை, பிரிக்க வேண்டும். "செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தே" ஹதீஸின் எல்லா வடிவங்களையும் திரட்டி, தொடர்களை ஒரே தாளில் வரையுங்கள். உமர், அல்கமா, முஹம்மத் இப்னு இப்ராஹீம் என ஒற்றைக் கோடாக இறங்கி, யஹ்யா இப்னு ஸயீத் அல்அன்ஸாரியிடம் (இறப்பு ஹிஜ்ரி 143 வாக்கில்) ஆலமரமாக விரியும். அவர்தான் பொதுக் கண்ணி, கிளைகளெல்லாம் சந்திக்கும் ஆள். அப்படிப்பட்டவரோ, அவர் பெயரைச் சொல்லி வேறொருவரோ ஹதீஸைப் புழக்கத்தில் விட்டது என்பது 1950இல் ஆய்வாளர் ஷாஹ்ட் வைத்த வாதம். பொதுக் கண்ணி என்பவர் ஹதீஸ்களை முறையாகத் திரட்டிக் கற்பித்த முதல் ஆளாக இருக்கலாம் என்றார் பின்வந்த ஆய்வாளர் மோட்ஸ்கி. மோட்ஸ்கி பக்கமே நியாயம், ஏனென்றால் அவர் தொடரோடு ஹதீஸின் வாசகத்தையும் பார்க்கிறார். ஒரே மாணவர் வழி வந்த வாசகங்கள் தமக்குள் ஒத்து, மற்றக் கிளைகளிலிருந்து விலகினால் பரிமாற்றம் நிஜம். பொதுக் கண்ணியைச் சுற்றிக்கொண்டு போகும் தொடரில் வேறொரு கிளையின் வாசகம் அச்சு அசலாக இருந்தால், தொடர் பின்னால் ஒட்டியதாக இருக்கலாம், சந்தேகப்படுங்கள்.

பலரும் கோட்டை விடுவது ஆய்வாளர் வென்சிங்க் தொடங்கிய 8 தொகுதி ஹதீஸ் சொல்லடைவை மட்டும் நம்பி. பிரமாதமான உழைப்பு, மறுப்பில்லை. ஆனால் அது 9 ஹதீஸ் நூல்களோடு சரி. புகழ்பெற்ற தொகுப்பாளர் புகாரிக்கு முந்திய அப்துர் ரஸ்ஸாக், இப்னு அபீ ஷைபா இருவரின் முஸன்னஃபும் (பொருள்வாரியான தொகுப்பு) அதில் கிடையாது. அவற்றை விட்டால் கிளைகள் குறைந்து, பழைய ஹதீஸும் புதிதாகத் தெரியும்.

சாப்பாடு: புதன், சனிக்கிழமைகளில் கால்வாய்க்கரைச் சந்தை. கிப்பெலிங் வாங்குங்கள், மாவில் முக்கிச் சுடச்சுடப் பொரித்த மீன் துண்டுகள், மேலே பூண்டு சாஸ். உணவகத்தில் உட்கார்ந்து தின்பதைவிட மலிவு, ருசியும் கூட. பன்னிரண்டு மணிக்கு முன்பே போய்விடுங்கள், அப்புறம் வரிசை நகராது.